தற்கொலையைத் தூண்டும் இணையப் பதிவுகள்: அரசு செய்தது என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



உச்சிப்புளி, இருமேனி, புதுமடம், மண்டபம் என்று நம் கரையோர ஊர்களில் இன்று செல்போன் இல்லாத வீடு இல்லை. வாப்பா வளைகுடாவில் இருப்பார். பிள்ளைகள் உம்மாவின் பொறுப்பில் வளர்வார்கள். குடும்பத்தின் பேச்சு, பணம், பாடம், பாசம் எல்லாம் அந்தப் போன் வழியாகவே நடக்கின்றன. அதே போன் வழியாக, மனம் உடைந்த ஒரு பிள்ளையைச் சாவின் பக்கம் இழுக்கும் படங்களும் வீடியோக்களும் பேச்சுகளும் வீட்டுக்குள் வருகின்றன.

இதைத் தடுக்க அரசுகள் என்ன செய்திருக்கின்றன? சட்டம் எங்கே வரை கை நீட்டுகிறது, எங்கே நின்றுவிடுகிறது? நின்றுவிடும் இடத்திலிருந்து பெற்றோரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில்களை ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறோம். சுருக்கம் இதுதான்: கெட்ட பதிவை நீக்குவது அரசாலும் நிறுவனங்களாலும் ஆகும் காரியம். அதைப் பரப்பாமல் இருப்பதும், பார்த்தவுடன் புகார் செய்வதும், வாடியிருக்கும் பிள்ளையிடம் வாய்திறந்து பேசுவதும் நம்மால் மட்டுமே ஆகும் காரியங்கள்.

2017: மதுரை தந்த பாடம்

இந்த விஷயம் தமிழ்நாட்டில் முதன்முதலில் பெரிய அளவில் பேசப்பட்டது 2017-இல். 'புளூ வேல்' எனப்படும் நீலத் திமிங்கல விளையாட்டு பற்றிய பீதி அப்போது நாடெங்கும் பரவியது. இதன் தொடக்கம் ரஷ்யா. அங்கே 2016-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை, சில இணையக் குழுக்கள் இளம் பிள்ளைகளைச் சாவுக்குத் தூண்டுவதாக எழுதியது. அப்படித் தூண்டிய வழக்கில் ஓர் இளைஞர் 2017-இல் சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டு, இணையம் வழியாகப் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கி ரஷ்யா சட்டம் இயற்றியது.

இந்தியாவில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2017 ஆகஸ்டில் கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. இந்த விளையாட்டுக்கோ, இதைப் போன்ற வேறொன்றுக்கோ கொண்டுசெல்லும் லிங்குகளை உடனே நீக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்த மாத இறுதியில் மதுரைப் பகுதியில் ஒரு கல்லூரி மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று செய்திகள் வந்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 செப்டம்பர் தொடக்கத்தில் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிபதிகள் கே.கே.சசிதரன், ஜி.ஆர்.சுவாமிநாதன் அமர்வு அதை விசாரித்து, மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது.

விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பெற்றோரையும் பிள்ளைகளையும் எச்சரிக்கும் 10 நிமிட நிகழ்ச்சியைத் தயாரித்துத் தூர்தர்ஷனில் அதிகம் பேர் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பச் சொன்னது. அடுத்த மாதம் மத்திய அரசு நீதிமன்றத்தில் ஓர் உண்மையைச் சொன்னது: இது போனில் இறக்கிக்கொள்ளும் ஆப் அல்ல, எனவே ஓர் ஆப்பைத் தடை செய்வது போல இதைத் தடை செய்ய வழியில்லை. பள்ளிகளில் விழிப்புணர்வு ஏற்படுத்தும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது.

இதற்குப் பிறகு நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. நாட்டில் இந்த விளையாட்டோடு சேர்த்துப் பேசப்பட்ட மரணங்களை ஆராய, கணினி அவசரநிலை உதவிக் குழுவான 'செர்ட்-இன்' அமைப்பின் தலைமை இயக்குநர் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. இறந்தவர்களின் இணையப் பயன்பாடு, போன் பதிவுகள், சமூக ஊடகக் கணக்குகள், தடயவியல் ஆதாரங்கள் எல்லாவற்றையும் அந்தக் குழு பார்த்தது. காப்பாற்றப்பட்டவர்களிடமும் பேசியது. எந்த மரணத்திலும் அந்த விளையாட்டின் பங்கு நிரூபணமாகவில்லை என்பது முடிவு. 2018 ஜனவரியில் மத்திய அரசு இதை மக்களவையில் தெரிவித்தது.

அந்த இளம் உயிர்கள் போனது உண்மை. அவர்களின் வேதனையும் உண்மை. ஆனால் காரணத்தைத் தேடுகிறேன் என்று கிளம்பிய நாடு, பிள்ளையின் மனதுக்குள் பார்க்காமல் ஒரு விளையாட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும் அதைத் தெரிய வைத்தவை டி.வி. விவாதங்களும் 'உடனே பகிருங்கள்' என்ற வாட்ஸ்அப் செய்திகளும்தான். அதற்கடுத்த ஆண்டு 'மோமோ' என்ற பெயரில் இதே பீதி மறுபடி கிளம்பி அடங்கியது.

திருக்குர்ஆன் 4:83 இந்த நோயைத்தான் சுட்டுகிறது. பயம் தரும் செய்தியோ நிம்மதி தரும் செய்தியோ கிடைத்தவுடன் பரப்பிவிடுகிறவர்களை அது கண்டிக்கிறது. அதை அறிந்து ஆராயக்கூடியவர்களிடம் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று சொல்கிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஃபார்வர்ட் பொத்தானில் விரல் வைக்கும்போது இவை இரண்டும் நினைவில் இருக்க வேண்டும்.

பார்ப்பதால் கெடுமா?

'ஒரு வீடியோவைப் பார்த்தா ஒருவர் உயிரை விடுவார்?' என்று கேட்கலாம். நல்ல மனநிலையில் இருப்பவர் ஒரு பதிவைப் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடுவார். ஏற்கெனவே உடைந்திருப்பவரின் நிலை வேறு. ஈர விறகில் தீப்பொறி விழுவதும் காய்ந்த சருகில் விழுவதும் ஒன்றாகுமா?

1774-இல் ஜெர்மானிய எழுத்தாளர் கோத்தே எழுதிய ஒரு நாவலின் நாயகன் காதல் தோல்வியில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அதைப் படித்த இளைஞர்கள் அவனைப் பின்பற்றுகிறார்கள் என்ற அச்சத்தில் சில இடங்களில் அந்தப் புத்தகம் தடை செய்யப்பட்டது. அந்த நாயகனின் பெயரால்தான், ஒரு மரணத்தின் செய்தி இன்னொரு மரணத்துக்குத் தூண்டுதலாவதை ஆய்வாளர்கள் 'வெர்தர் விளைவு' என்கிறார்கள். 1980-களில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஒரே மாதிரியான தற்கொலைகள் பெருகின. 1987-இல் பத்திரிகைகள் அவற்றைப் பரபரப்பாக எழுதுவதை நிறுத்தியபோது சம்பவங்கள் வெகுவாகக் குறைந்தன.

இதற்கு நேர்மாறான நல்ல செய்தியும் உண்டு. சாவின் விளிம்புவரை போய், உதவி பெற்று மீண்டுவந்தவரின் கதையைச் சொன்னால் அது கேட்பவருக்குப் பாதுகாப்பாக அமைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இந்த விஷயத்தைப் பேசுவதே பாவம் என்று வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை; எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த முறையில் நடந்தது என்ற விவரம், இடத்தின் படம், கடைசிக் கடிதம், 'காதல் தோல்வியால்', 'மார்க் குறைந்ததால்' என்று ஒற்றை வரியில் காரணம் சொல்வது ஆகிய நான்கும் ஆபத்தானவை.

2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகை மன்றம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலைத் தழுவி இந்த விதிகளையே நம் நாட்டுப் பத்திரிகைகளுக்குச் சொன்னது. செய்தியை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது, படம், வீடியோ, சமூக ஊடக லிங்க் எதுவும் சேர்க்கக் கூடாது. பத்திரிகையாளருக்குச் சொன்ன இந்த விதி, ஆளுக்கொரு வாட்ஸ்அப் குழு நடத்தும் நமக்கும் பொருந்தும்.

நம் நாட்டுச் சட்டத்தில் இன்று உள்ளவை

தற்கொலைத் தூண்டல் பதிவுகளுக்கென்றே தனிச் சட்டம் எதையும் இந்தியா இயற்றவில்லை. பல சட்டங்களில் பரவிக் கிடக்கும் விதிகளைச் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000: இதன் 69-ஏ பிரிவின்படி மத்திய அரசு இணையதளங்களை முடக்கலாம். ஆனால் அதற்குரிய காரணங்களாக நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவையே சொல்லப்பட்டுள்ளன. தற்கொலைத் தூண்டல் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. 79-ஆம் பிரிவு வேறு வழியில் வேலை செய்கிறது. மற்றவர்கள் போடும் பதிவுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று அது பாதுகாப்புத் தருகிறது. நீதிமன்றமோ அரசோ முறைப்படி தெரிவித்த பிறகும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

தகவல் தொழில்நுட்ப விதிகள், 2021: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற தளங்கள் ஒவ்வொன்றும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். சிறுவருக்குத் தீங்கான பதிவுகளைப் பயனாளர்கள் போடாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் தளங்களுக்கு உண்டு. விதிகள் வந்தபோது, புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து 15 நாளில் முடிக்க வேண்டும் என்றிருந்தது. 2022 அக்டோபர் திருத்தம், சில வகைப் பதிவுகளை நீக்கக் கோரும் புகார்களை 72 மணி நேரத்தில் முடிக்கச் சொன்னது. நிறுவனத்தின் பதிலில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் இணையம் வழியாகவே முறையிடலாம். 2023 முதல் இயங்கும் இந்தக் குழுவுக்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

இதே விதிகளின் இன்னொரு பகுதி, படமும் தொடரும் காட்டும் ஓ.டி.டி. தளங்களுக்கானது. பிள்ளைகள் பார்த்துப் பின்பற்றக்கூடிய ஆபத்தான காட்சிகள், தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை இருந்தால் அந்தப் படைப்புக்கு உயர்ந்த வயது வரம்பு போட வேண்டும் என்கிறது அது. மூலையில் தெரியும் '16+', '18+' அடையாளங்களை நாம் கவனிக்காமல் விடுவதால் இந்த விதியின் பலன் நம் வீட்டை வந்தடைவதில்லை.

பாரதிய நியாய சன்ஹிதா: 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. தற்கொலைக்குத் தூண்டியவருக்கு 108-ஆம் பிரிவின்படி 10 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. தூண்டப்பட்டவர் சிறுவராகவோ மனநலம் குன்றியவராகவோ இருந்தால் 107-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனையும் மரண தண்டனையும்கூடச் சாத்தியம். 'சும்மா கமெண்ட் போட்டேன்' என்பது தப்பிக்கும் வழியாகாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017: இதன் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்கிறது. 29-ஆம் பிரிவு தற்கொலைத் தடுப்புத் திட்டங்களை அரசின் கடமையாக்குகிறது. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி: 2022 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. 2030-க்குள் தற்கொலை இறப்புகளை 10 சதவீதம் குறைப்பது இலக்கு. ஊடகங்கள் பொறுப்போடு நடக்கச் செய்வது அதன் வழிகளில் ஒன்று. இதன் தேவையை எண்களே சொல்லும். தேசியக் குற்றப் பதிவு ஆணையக் கணக்கின்படி 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் இவ்வாறு இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இரண்டாம் இடம். இவர்கள் எல்லோரையும் இணையம் கொன்றது என்று எவரும் சொல்லவில்லை. குடும்பப் பிரச்சினை, நோய், கடன், குடி என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. இணையப் பதிவு அந்த வேதனையின் மேல் கடைசியாக வந்து விழும் பாரமாகலாம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023: சோகப் பாட்டு ஒன்றைப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்தடுத்து இருபது சோக ரீல்ஸ்களை அந்தத் தளமே எடுத்து நீட்டுகிறது. பிள்ளை எதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பின்தொடர்ந்து கவனிப்பதால்தான் இது நடக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது இந்தச் சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

மற்ற நாடுகள் சென்ற வழி

பிரிட்டனில் 2017-இல் 14 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். கடைசி மாதங்களில் அவர் பார்த்த சமூக ஊடகப் பதிவுகளும் அவரது மரணத்தில் பங்கு வகித்தன என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். உலகமே கவனித்த முடிவு அது. 2023 அக்டோபரில் அங்கே இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தற்கொலையைத் தூண்டும் பதிவுகள் பிள்ளைகளை எட்டாமல் தடுப்பது தளங்களின் கடமையாயிற்று. 2025 ஜூலை முதல் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. மீறும் நிறுவனத்துக்குப் பெருந்தொகை அபராதம் உண்டு.

ஆஸ்திரேலியா 2006-லேயே இணையம் வழியாகத் தற்கொலைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கவே அங்கே தடை. தென்கொரியா 2019-இல் தற்கொலையைத் தூண்டும் தகவலை இணையத்தில் பரப்புவதைச் சட்டவிரோதமாக்கியது. மனம் உடைந்தவர்கள் ஏ.ஐ. சாட்பாட்டிடம் புலம்பி, அது தந்த பதிலால் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவில் வழக்குகள் வந்தபின், கலிஃபோர்னியா மாநிலம் 2025 அக்டோபரில் அதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

இவற்றில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது ஜப்பான். 2017-இல் அங்கே ஒரு கொலைகாரன், சமூக ஊடகத்தில் 'சாக வேண்டும் போலிருக்கிறது' என்று எழுதிய இளம் வயதினரைத் தேடிப்பிடித்து, உதவுவதாக நம்ப வைத்துக் கொன்றான். ஒன்பது உயிர்கள் போயின. அதன்பின் ஜப்பான் அரசு பதிவுகளை நீக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. போனில் பேசத் தயங்கும் இளைஞர்கள் சமூக ஊடகச் செயலியிலேயே எழுதி ஆலோசனை பெறும் சேவையை 2018 மார்ச்சில் தொடங்கியது. பிள்ளைகள் எங்கே புலம்புகிறார்களோ அங்கேயே காது கொடுக்க ஆள் வைத்தது.

ஒரு பிள்ளை 'வாழப் பிடிக்கவில்லை' என்று எழுதினால், அதை நீக்கிவிடுவதால் அந்த வலி நீங்கிவிடாது. கெட்ட வாசலை மூடும்போதே நல்ல வாசலைத் திறந்து வைக்க வேண்டும். நம் நாட்டில் மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு அதே 14416 எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இந்தச் சேவையை நடத்துகிறது. தமிழில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

சட்டம் எட்டாத இடம் நம் கையில்

எத்தனை சட்டம் வந்தாலும் வாட்ஸ்அப் குழுவுக்குள் நடப்பதை அரசால் பார்க்க முடியாது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி செய்திகள் பூட்டப்பட்டுள்ளன. ஜமாஅத் குழு, பள்ளிக்கூடக் குழு, வெளிநாடு வாழ் ஊர்க்காரர் குழு என்று ஒரு வீட்டில் பத்துக் குழுக்கள். பக்கத்து ஊரில் ஓர் உயிர் போனால், போலீஸ் வருமுன் அதன் படம் துபாய்வரை போய்விடுகிறது. சொந்த மகனின் படத்தைத் தாய் வாட்ஸ்அப்பில் பார்க்கும் கொடுமை எந்தச் சட்டத்தாலும் நிற்காது. குழுவின் அட்மின் நினைத்தால் நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் தன் குழுக்களுக்கு எளிய ஒழுங்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மரணச் செய்தியில் பெயரும் ஜனாஸா நேரமும் போதும். எப்படி இறந்தார் என்ற விவரம், படம், வீடியோ, கடிதம் எதுவும் வரக் கூடாது. வந்தால் அட்மின் உடனே நீக்க வேண்டும். 'எச்சரிக்கை' என்ற பெயரில் வரும் விளையாட்டு, சேலஞ்ச் செய்திகளைச் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது.

பதிவைப் பார்த்தால் செய்ய வேண்டியவை

1. பகிராதீர்கள். கண்டித்து எழுதினாலும் அந்தப் பதிவு இன்னும் பலர் கண்ணில் படும். கமெண்டும் போட வேண்டாம்.

2. பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ரிப்போர்ட்' செய்யுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் ஆகியவற்றில் தற்கொலை, தன்னைக் காயப்படுத்துதல் என்பதற்குத் தனிப் பிரிவு உண்டு. புகார் செய்தவர் யார் என்பது பதிவிட்டவருக்குத் தெரியாது.

3. பதிவு போட்டவர் தெரிந்தவராக இருந்தால் முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் வீட்டாருக்குச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112-க்கு அழையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் இத்தகைய பதிவுகளைப் பற்றி உத்தரப் பிரதேசக் காவல்துறைக்கு 2022 முதல் தகவல் தருகிறது. அதைக் கொண்டு போலீசார் விரைந்து போய்ப் பல நூறு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நேரத்தில் கிடைக்கும் தகவல் உயிர் காக்கும்.

4. ஆபாசப் படத்தைக் காட்டி மிரட்டுதல், கடன் ஆப் மிரட்டல் ஆகியவற்றால் பிள்ளையோ பெரியவரோ நிலைகுலைந்திருந்தால், பணம் பறிபோனதற்கு 1930-லும், மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யுங்கள். மிரட்டிய செய்திகளை அழிக்காமல் ஆதாரமாக வையுங்கள். 'மானம் போய்விட்டது' என்று ஏசுவதைத் தள்ளிவைத்து, 'நாங்கள் இருக்கிறோம்' என்று முதலில் சொல்லுங்கள்.

வீட்டிலும் பள்ளிவாசலிலும் பேச வேண்டிய முறை

தன்னையே மாய்த்துக்கொள்வது ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. திருக்குர்ஆன் 4:29 அதைத் தடுக்கிறது. தடுத்த கையோடு அல்லாஹ் உங்கள் மீது கருணை உடையவன் என்றும் நினைவூட்டுகிறது. தடையும் கருணையும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருவதை நாம் கவனிக்க வேண்டும். பயான்களில் பெரும்பாலும் தடையை மட்டும் சொல்லி நரகத்தோடு முடித்துவிடுகிறோம். உடைந்துபோய் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு எட்டாது. 'என் ஈமானே போய்விட்டது போல' என்று இன்னும் மறைத்துக்கொள்ளும்.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள் (19:23-26). பிரசவ வேதனையும் தனிமையும் ஊர்ப்பேச்சின் பயமும் சேர்ந்தபோது, இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அவர்களை அல்லாஹ் கண்டிக்கவில்லை. கவலைப்படாதீர் என்ற குரல் வருகிறது. காலடியில் நீரோடை, கைக்கெட்டும் பேரீச்சம்பழம், உண்ணவும் பருகவும் கட்டளை. ஆறுதல், உணவு, தண்ணீர், துணை என்ற இந்த வரிசை நமக்கும் பாடம்.

'செத்துப்போகலாம் போல இருக்கு' என்று பிள்ளை சொன்னால், 'பைத்தியம், வாயை மூடு' என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். 'உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பாரம் இறங்கவே அது உதவும் என்பது மனநல மருத்துவர்களின் அனுபவம். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போல ஸ்டேட்டஸ் வைப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்கள், 'படித்தாயா?' என்று கேட்கும் போன் அழைப்பில் 'மனசு எப்படி இருக்கு?' என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்கி வைப்பதைவிட, இரவில் எல்லோருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறும் வழக்கத்தைப் பெரியவர்களும் சேர்ந்து கடைப்பிடிப்பது பலன் தரும்.

மனநோயை ஜின், சூனியம் என்று மட்டும் பார்த்து மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதன் விலையை நம் மாவட்டம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தனர். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி தரும் நம்பிக்கை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

உயிர் போய்விட்ட வீட்டாரிடம் நடந்துகொள்ளும் முறையும் மார்க்கத்தில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் இவ்வாறு இறந்த ஒருவருக்குத் தாமே ஜனாஸா தொழுவிக்கவில்லை என்ற ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. ஆனாலும் அவருக்கு ஜனாஸா தொழுகை உண்டு என்பதே இமாம்கள் அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ (ரஹ்) உட்படப் பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. இன்னொரு ஹதீஸும் முஸ்லிமில் உள்ளது. ஹிஜ்ரத் செய்து வந்த ஒருவர் நோயின் வேதனை தாங்காமல் தன் உயிருக்குத் தானே முடிவு தேடிக்கொண்டார். அவருடைய தோழரான துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவரைக் கனவில் கண்டு வந்து சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் அவருடைய மன்னிப்புக்காக துஆ செய்தார்கள். இறந்தவரை நரகவாசி என்று தெருவில் நின்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அந்த உம்மாவின் காதில் விழும் அந்தச் சொல், அந்த வீட்டில் இன்னொரு உயிரை ஆபத்தில் தள்ளலாம்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

14416 – டெலி மானஸ், 'நட்புடன் உங்களோடு' மனநல உதவி (இலவசம்).
104 – தமிழ்நாடு அரசின் மருத்துவ, மனநல ஆலோசனை. தேர்வு முடிவு நேரத்தில் மாணவர்களுக்கு மிகவும் உதவும்.
1098 – குழந்தைகள் உதவி எண்.
112 – அவசர உதவி.
1930 – சைபர் நிதி மோசடி.
044-24640050 – 1986 முதல் சென்னையில் இயங்கும் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம்.

இந்த எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும், மக்தப் சுவரிலும், பெண்கள் கூடும் மத்ரஸாவிலும் எழுதி ஒட்டுங்கள். ஜும்ஆவுக்குப் பின் ஒரு முறை வாசித்துச் சொல்லுங்கள். இதற்குச் செலவும் இல்லை, அனுமதியும் தேவையில்லை.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்று திருக்குர்ஆன் 5:32 சொல்கிறது. ஒரு ரிப்போர்ட், அனுப்பாமல் விட்ட ஒரு ஃபார்வர்ட், 'மனசு எப்படி இருக்கு' என்ற ஒரு கேள்வி ஆகியவையும் அந்த நன்மையில் சேரும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணவும், மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதலாக இருக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.